பனிக்காலத் தூண்டில்



நம்மில் பலர் சிறு வயதில் தூண்டில் போட்டவர்களே. மூங்கில் கழி ஒன்று, சிறிது நூல், கடையில் வாங்கிய முள் ஒன்று, தக்கையாக மிதப்பதற்கு மயிலிறகின் தண்டோ நெட்டித் துண்டோ, தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண்ணோடு சில மண்புழுக்கள்: இவ்வளவே அன்று நமக்கு வேண்டியிருந்தன. வாய்க்கால் மதகின் நிழலில் அமர்ந்து, தக்கை அமிழும் கணத்திற்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். கெண்டையோ கெளுத்தியோ அகப்பட்டால் வீட்டுக் குழம்பிற்கு ஆயிற்று. அகப்படாவிட்டால் பள்ளிக்குப் போகாததற்கு வசவு கிடைத்தது. அன்று நாம் மீனுக்காகத் தூண்டில் போட்டோமா, தூண்டிலுக்காகவே தூண்டில் போட்டோமா என்று இன்று யாரேனும் கேட்டால், விடை கூறுவது எளிதன்று.

உணவுக்காக அன்றி உவகைக்காகவே மீன் பிடிப்பது உலகின் பல நாடுகளில் ஒரு பெரும் விளையாட்டாக வளர்ந்துள்ளது. அதற்கென்று கருவிகளும் சங்கங்களும் சட்டங்களும் தோன்றியுள்ளன. அறிவியலாரின் ஆராய்ச்சியும் அதனைத் தொடர்ந்து வருகிறது. அத்தகைய விளையாட்டு ஒன்றைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கரையில், குளிர் கடுமையாகும் மாதங்களில், ஸ்டிரைப்ட் பாஸ் என்னும் மீனை நாடிச் செல்வோர் பல இலட்சம். அவர்கள் ஒரு மீனை ஏறக்குறைய அழித்தும் இருக்கின்றனர். அதனை மீட்கப் பாடுபட்டும் இருக்கின்றனர். அவ்வரலாற்றில் நாம் அறிந்துகொள்ளத்தக்கது ஒன்று உண்டு.

முதலில் அம்மீனைப் பற்றிச் சிறிது கூறுவோம். அதன் வெள்ளி நிற உடலில், செவுள் முதல் வால் வரையில், ஏழு அல்லது எட்டுக் கருங்கோடுகள் நீளவாட்டில் ஓடும். அதனாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. நமது பேச்சின் வசதிக்காக அதனை வரிமீன் என்றே அழைப்போம். முப்பது ஆண்டுகள் வரையும் அது வாழக்கூடும். தூண்டிலில் பிடிபட்டவற்றுள் மிகப் பெரியதாக ஏற்கப்பட்டுள்ள மீன் 2011-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்துக் கடலில் அகப்பட்டது. அதன் எடை ஏறக்குறைய 82 ராத்தல், அதாவது 37 கிலோ. பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் எடையினும் மிகுதி.

வரிமீனின் வாழ்க்கை ஒரு நெடும்பயணம். அது ஆற்று நன்னீரில் பிறக்கிறது; கடலில் வளர்கிறது; முட்டையிடுவதற்காக மீண்டும் ஆற்றை நாடி வருகிறது. கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. அவர்கள் சந்தையில் காணும் ஹில்சாவும் இவ்வாறே கடலினின்று ஆற்றில் ஏறி வருவது. கோதாவரிக் கரையில் வாழ்வோர் அதனையே புலசா என்று போற்றுவதை அறிவர். நம் கொடுவா மீனின் வழியோ இதற்கு நேர்மாறானது. அது ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிட உவர்நீரை நோக்கிச் செல்லும்.

அட்லாண்டிக் கரையில் வாழும் வரிமீன்களில் மிகப் பெரும்பாலானவை செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளில் பிறந்தவை. மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களுக்கு இடையே நிலத்துள் நீண்டு கிடப்பது அவ்விரிகுடா. தலைநகரமாகிய வாஷிங்டன் அமைந்துள்ள பொடோமாக் ஆறும் அவற்றுள் ஒன்று. வசந்த காலத்தில், நீர் சற்று வெதுவெதுப்பான பின்னர், பெட்டை மீன்கள் ஆற்றில் ஏறி முட்டையிடுகின்றன. பெரிய பெட்டை ஒன்று ஒரே பருவத்தில் முப்பது இலட்சம் முட்டைகள் வரை இடக்கூடும். அம்முட்டைகள் ஓடும் நீரில் மிதந்தவாறே இருத்தல் வேண்டும். நீரோட்டம் தளர்ந்து அவை அடிச்சேற்றில் படிந்துவிட்டால் மூச்சின்றி மாளும். மிதந்தவை ஏறக்குறைய இரண்டு நாட்களில் பொரிந்துவிடும்.

குஞ்சுகள் சில ஆண்டுகள் விரிகுடாவிலேயே வளர்கின்றன. பின்னர் ஆண் மீன்கள் பல அங்கேயே தங்கிவிட, பெட்டை மீன்கள் பெரும்பாலும் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. கோடையில் அவை வடக்கே மாசசூசெட்ஸ், மேய்ன் மாநிலங்களின் கரை வரை செல்லும். இலையுதிர் காலம் பிறந்ததும் தெற்கு நோக்கித் திரும்பி, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களின் கரையோரமாக இறங்கி, மார்கழி, தை மாதங்களில் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களுக்கு எதிரேயுள்ள கடலில் கூட்டமாகத் தங்கும். முட்டைகள் வயிற்றில் முதிர்வதும் அக்காலத்திலேதான். வசந்தம் வந்ததும் மீண்டும் தாம் பிறந்த ஆற்றை நோக்கி ஏறும்.

இனி, பனிக்காலத் தூண்டிலின் முறையைக் காண்போம்.

மார்கழி தொடங்கும் வேளையில் நியூஜெர்சியின் மணற்கரையில் விடியுமுன்னரே ஆட்கள் நிற்பர். பத்து அல்லது பதினோரு அடி நீளமுள்ள கோலைக் கையில் ஏந்தி, மார்பு வரை உயர்ந்த ரப்பர்க் காலுடை அணிந்து, அலை உடையும் இடத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று வீசுவர். இடுப்பில் பட்டையை இறுகக் கட்டாமல் நீரில் இறங்கலாகாது என்பது அங்கே முதற்பாடம். தவறி விழுந்தால் காலுடைக்குள் குளிர்நீர் நிறையும்; அந்தக் குளிரில் சில நிமிடங்களில் கை கால்கள் செயலற்றுப்போகும். காற்றில் ஈரம் உறைந்து, கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது கோலின் நுனியைக் கடல்நீரில் அமிழ்த்தி அதனைக் கரைப்பர். காற்றினும் கடல்நீர் அவ்வளவு வெப்பமாக இருக்கும் காலை அது!

படகிற் செல்வோர்க்குப் பறவைகளே வழிகாட்டிகள். கானட் என்னும் பெரிய வெண்பறவை, உயரப் பறந்து, சிறகுகளை மடக்கிக்கொண்டு ஈட்டிபோல் நீரில் பாயும். அது பாயும் இடத்தில் மென்ஹேடன் என்னும் சிறு மீன்கள் திரண்டிருக்கும். மென்ஹேடன் நம் மத்திக்கு உறவு எனத்தக்கது; எண்ணெய்ச் சத்து மிக்கது. மேலிருந்து பறவையும் கீழிருந்து வரிமீனும் அதனைத் தாக்குகின்றன. ஆகவே பறவையைக் கண்டவன் மீனையும் கண்டவனாகிறான். செசபீக் விரிகுடாவின் வாயிலில், உயிருள்ள விலாங்கினை முள்ளிற் கோத்து, படகை நீரோட்டத்தின் போக்கில் மிதக்கவிட்டுக் காத்திருப்பதும் பனிக்காலத்து வழக்கம்.

எல்லா மீன்களும் தெற்கே செல்வதில்லை. சில கூட்டங்கள் வடக்கத்திய ஆறுகளிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கனெக்டிகட் மாநிலத்தில் இலண்டன் ஆற்றின் பெயரையே தாங்கிய தேம்ஸ் ஆறு இதற்குப் பெயர் பெற்றது. அங்கே வரிமீன்கள் ஆழமான மடுக்களில் நெருங்கிக் கிடக்கும். நீரின் வெப்பம் 5 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கினால் மீனின் உடலும் மந்தமாகிவிடும். கோடையில் ஓடும் இரையைத் துரத்திக் கவ்விய மீன், இப்போது மூக்கினருகே வந்த இரையைக்கூட யோசித்தே எடுக்கும். ஆதலின் தூண்டில்காரனும் தன் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஈயத் தலையுடைய முள்ளில் ரப்பர் மீனைக் கோத்து, அடித்தளம் வரை இறக்கி, மிக மெல்ல உயர்த்தித் தாழ்த்த வேண்டும். மீன் கவ்வுவதும் தெரியாது. நரம்பில் சிறிது பாரம் கூடியதுபோல் மட்டும் தோன்றும். பொறுமையற்றவர்க்கு இவ்விளையாட்டில் இடமில்லை.

இங்கே ஓர் அறச்சிக்கலும் உண்டு. மீன்கள் அடர்ந்து கிடப்பதால் முள் வாயிற் படாமல் விலாவிலோ முதுகிலோ தைத்துவிடக்கூடும். எளிதாக மீனைக் கரையேற்ற விரும்புவோர் இதனையே வழியாகக் கொள்வதும் உண்டு. நல்ல தூண்டில்காரன் அவ்வாறு இரண்டொரு முறை நேர்ந்ததும் நரம்பைச் சுருட்டிக்கொண்டு அவ்விடத்தை விட்டு நீங்கிவிடுவான். விளையாட்டிற்கும் கொள்ளைக்கும் இடையேயுள்ள எல்லை அது.

இந்த எல்லை பற்றிய எண்ணம் அந்நாட்டிற்குப் புதியதன்று. ஐரோப்பியர் அங்கே குடியேறிய தொடக்கத்திலேயே வரிமீன் அவர்களுக்கு உணவாயிற்று. மிகுதியாகக் கிடைத்தமையால் அதனை வயலுக்கு உரமாகவும் இட்டனர். 1639-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் மன்றம், வரிமீனையும் காட் என்னும் மீனையும் உரமாக்கலாகாது என்று ஆணையிட்டது. 1670-இல் பிளிமத் குடியேற்றத்தினர், வரிமீன் முதலியவற்றைப் பிடிப்பதால் கிடைத்த வருவாயைக் கொண்டு பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்த முடிவு செய்தனர். ஒரு மீன் பள்ளிக்கூடம் நடத்திக் கொடுத்த கதை இது.

இரு நூற்றாண்டுகள் கழித்து, செல்வர்களின் விளையாட்டாகவும் அது மாறியது. நியூயார்க் நகரத்துச் செல்வர் சிலர் 1864-இல் மாசசூசெட்ஸ் கரைக்கு எதிரேயுள்ள கட்டிஹங்க் தீவில் ஒரு சங்கம் அமைத்தனர். பாறைகளில் இரும்புக் கம்பிகளை நாட்டி, அவற்றின்மீது கடலுக்கு மேல் நீண்ட பலகை மேடைகள் கட்டி, அம்மேடைகளின் முனையிலிருந்து தூண்டில் வீசினர். மீன்களை அருகே இழுக்கச் சிங்கிறால் இறைச்சியை நீரில் வீசுவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தனர். 

அக்காலத்து மக்கள் வரிமீன் வற்றாத செல்வம் என்று நம்பினர். அந்நம்பிக்கைக்குச் சான்றாக ஒரு செய்தியையும் கூறலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலில், வரிமீன் இயற்கையாக இல்லை. 1879-இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்னும் மீன்வளர்ப்பு அறிஞர், நியூஜெர்சியின் நேவசிங்க் ஆற்றில் பிடித்த சிறு மீன்களை நீர்க்கலங்களில் இட்டு, கண்டத்தின் குறுக்கே இரயிலில் கொண்டு சென்றார். வழியெல்லாம் நீரைக் குளிர்வித்தும் மாற்றியும் காக்க வேண்டியிருந்தது. உயிரோடு சேர்ந்த ஏறத்தாழ 130 மீன்கள் கலிபோர்னியாவில் மார்ட்டினஸ் என்னும் ஊருக்கருகே நீரில் விடப்பட்டன. 1882-இல் மேலும் ஏறத்தாழ 300 மீன்கள் சென்றன. பத்து ஆண்டுகளுக்குள் சான்பிரான்சிஸ்கோ சந்தையில் வரிமீன் விற்பனைக்கு வந்தது. 1899-இல் அங்கே பிடிபட்டது 12 இலட்சம் ராத்தலுக்கு மேல். இன்றும் குளிர்காலத்தில் அம்மாநிலத்து ஆற்றுக் கழிமுகங்களில் அம்மீன்களின் வழித்தோன்றல்களைத் தூண்டிலில் பிடிக்கின்றனர். அயல் நீரில் அவை வேரூன்றின. ஆனால் அந்நீரிலேயே பிறந்த சால்மன் குஞ்சுகளை அவை தின்கின்றன என்ற வழக்கும் அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. குடிபெயர்ந்தோரின் வாழ்வில் வரவேற்பும் வழக்கும் சேர்ந்தே வருவதை நாம் அறியாதவரல்லோம்.

நானூறு மீன்களிலிருந்து இவ்வளவு பெருகிய இனத்திற்கு அழிவு ஏது என்று எண்ணத் தோன்றும். ஆயினும் அழிவு வந்தது. அட்லாண்டிக் கரையில் வணிகத்திற்காகப் பிடிக்கப்பட்ட வரிமீன் 1973-இல் ஒன்றரைக் கோடி ராத்தலை நெருங்கியது. பத்தே ஆண்டுகளில் அது நான்கில் ஒரு பங்கு அளவிற்குச் சுருங்கிவிட்டது. ஆறுகளின் நீர் கெட்டதும் ஒரு காரணம். ஆனால் பிடிக்கத்தக்க அளவிற்கு மேல் பிடித்ததே தலையாய காரணம். பெட்டை மீன் முதன்முதலாக முட்டையிட ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே அதனைப் பிடித்துவிட்டால் ஆற்றுக்கு ஏறி வருவது எது?

1984-இல் அமெரிக்க நாட்டு மன்றம் வரிமீன் காப்புச் சட்டத்தை இயற்றியது. கரையோர மாநிலங்கள் அனைத்திற்கும் பொதுவான ஆணையம் வகுக்கும் திட்டத்தை ஏற்காத மாநிலத்தில் மீன்பிடிப்பையே நிறுத்திவிட அச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஓடும் மீனுக்கு மாநில எல்லை தெரியாது. ஆகையால் ஒரு மாநிலம் காத்ததை மற்றொரு மாநிலம் பிடித்து முடித்துவிடலாகாது என்பது அதன் கருத்து. 1985 தொடக்கத்தில் மேரிலாந்து முழுத் தடை விதித்தது. ஐந்து ஆண்டுகள் வலைகளும் இறங்கவில்லை; தூண்டில்களும் இறங்கவில்லை. மீனவர் குடும்பங்கள் வருந்தின. படகோட்டிகளும் இரை விற்போரும் தொழில் இழந்தனர். அவர்கள் பட்ட துன்பத்தை இங்கே மறைத்தல் ஆகாது. தடை வேண்டும் என்று வாதாடியவர்களில் தூண்டில் விளையாட்டினர் பலர் இருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. அத்தவத்தின் பயனாக 1995-இல் வரிமீன் இனம் மீண்டுவிட்டது என்று ஆணையம் அறிவித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் பனிக்காலக் கடல் மீண்டும் களைகட்டியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் 2019-இல் வெளியான ஆய்வு, வரிமீன் இனம் மறுபடியும் குன்றிவிட்டது என்று காட்டியது. இம்முறை குற்றத்தை வணிக வலைகளின்மீது ஏற்றுவதற்கு வழியில்லை. அட்லாண்டிக் கரையில் மனிதன் கையால் மாளும் வரிமீன்களில் மிகப் பெரும் பங்கு பொழுதுபோக்குத் தூண்டிலால் மாள்வதே. அதிலும் ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்வது. பிடித்தவர்கள் பெரும்பாலான மீன்களைத் திரும்பவும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். விடப்பட்ட மீன் பிழைத்துவிட்டது என்றே அவர்கள் எண்ணினர். ஆனால் அவ்வாறு விடப்படுவனவற்றுள் நூற்றுக்கு ஒன்பது மீன்கள் பின்னர் மாண்டுவிடுகின்றன என்று ஆணையம் கணக்கிடுகிறது. நூற்றுக்கு ஒன்பது என்பது சிறு எண்போலத் தோன்றும். கோடிக்கணக்கில் மீன்கள் பிடித்து விடப்படும்போது அது பெருந்தொகையாகிறது. சில ஆண்டுகளில், தூண்டிலால் மாண்ட மீன்களில் ஏறக்குறைய பாதி, கருணையோடு விடப்பட்ட மீன்களே!

உண்பதற்காக ஒரு மீனைப் பிடிப்பவன் அதோடு வீடு திரும்புகிறான். விளையாட்டிற்காகப் பிடிப்பவனோ, பிடித்து விட்டு, பிடித்து விட்டு, நாள் முழுதும் நிற்கிறான். தன் கை ஓர் உயிரையும் கொல்லவில்லை என்று நிறைவோடு உறங்கச் செல்கிறான். நம் நாட்டில் புலால் மறுத்தவர் பலர். அவர்கள், உண்ணாத மீனை ஏன் துன்புறுத்த வேண்டும் என்று கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. அதற்குத் தூண்டில் விளையாட்டினர் தரக்கூடிய விடை ஒன்றுதான் உண்டு. விளையாட்டை விரும்புபவன் மீனுக்கு நேரும் தீங்கைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தீங்கைக் குறைக்கத் தன் இன்பத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யாதவனுக்கு அக்கேள்விக்கு விடை இல்லை.

இந்த எண்ணத்தின்மேல்தான் இன்றைய விதிகள் எழுந்துள்ளன. 2023 முதல், கடலில் வரிமீன் பிடிப்பவன் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மீனை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அம்மீனும் 28 அங்குலத்திற்குக் குறையாமலும் 31 அங்குலத்தை மிஞ்சாமலும் இருத்தல் வேண்டும். சிறிய மீன் இன்னும் முட்டையிடாதது. மிகப் பெரிய மீனோ பல இலட்சம் முட்டைகளைத் தாங்கும் தாய். இரண்டையும் விட்டுவிட வேண்டும். உயிர் இரையைப் பயன்படுத்துவோர் 2021 முதல் வட்டமுள்ளையே பயன்படுத்த வேண்டும். அதன் நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால் தொண்டையிலோ குடலிலோ தைக்காமல் வாயின் ஓரத்தில் மட்டும் மாட்டும். கொக்கியால் குத்தித் தூக்குவதும் தடுக்கப்பட்டுள்ளது.

கடலிலும் ஒரு கோடு உண்டு. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் வரிமீனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1990 முதல் குற்றம். அண்மை ஆண்டுகளில், பனிக்காலத்தில், பெரிய பெட்டை மீன்கள் பெரும்பாலும் அக்கோட்டிற்கு அப்பாலேயே தங்குகின்றன. வர்ஜீனியாக் கரையில் நிற்கும் படகோட்டிக்குத் தொலைவில் கானட் பறவைகள் பாய்வது கண்ணுக்குத் தெரியும். அங்கே மீன் இருக்கிறது என்பதும் தெரியும். காவற்படகு எப்போதும் அருகில் இருப்பதில்லை. அக்கோட்டில் படகைத் திருப்புவதற்கு அவன் மனமே காவல். நியூஜெர்சி மாநிலத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆறுகளிலும் விரிகுடாக்களிலும் வரிமீன் பிடித்தல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. பனிக்காலத் தூண்டில் என்பதில் பாதி, தூண்டில் போடாமல் இருப்பதாகவும் ஆகிவிட்டது.

பனிக்காலத்திற்கும் வரிமீனின் பிறப்பிற்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. மேரிலாந்து மாநிலத்தினர் 1954 முதல் ஆண்டுதோறும் விரிகுடாவின் குறித்த இடங்களில் வலை இழுத்து, அவ்வாண்டுக் குஞ்சுகளை எண்ணி வருகின்றனர். நீண்ட காலச் சராசரி, ஓர் இழுப்பிற்குப் பதினொரு குஞ்சுகள். 1996-இல் 59 குஞ்சுகள் வரை கிடைத்தன. 2023-இல் கிடைத்தது ஒன்றே ஒன்று. 2019 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் சராசரிக்கும் கீழேயே இருந்தன. குளிர் மிகுந்து, மழையும் பனியும் நிறைந்த காலத்தைத் தொடரும் வசந்தத்தில்தான் குஞ்சுகள் பெரும்பாலும் செழிக்கின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். குளிர் நீடித்தால் முட்டை பொரியும் வேளையும், குஞ்சுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் பெருகும் வேளையும் பொருந்தி வருகின்றன. குளிர் தளர்ந்த ஆண்டுகளில் அப்பொருத்தம் கெடுகிறது. கரையில் நிற்பவனுக்கு விரல்கள் விறைக்கும் அக்கடுங்குளிர், ஆற்றில் பிறக்கப்போகும் மீனுக்கு நல்வரவாக இருக்கிறது.

நேயர்களே, இவ்வளவு தொலைவிலுள்ள மீனைப் பற்றி நாம் ஏன் பேசினோம்? இதே வரலாறு நம் நாட்டு ஆறுகளிலும் நடந்து வருகிறது. ஒரு காலத்தில் ஹில்சா கங்கையில் அலகாபாத் வரையும் ஏறிச் சென்றது. 1975-இல் பராக்கா அணை செயற்படத் தொடங்கிய பின்னர் அதன் வழி அடைபட்டது. வங்காளத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹில்சாவைப் பிடிக்கவும் விற்கவும் தடை உள்ளது. ஆயினும் சிறு மீன் சந்தைக்கு வருகிறது. வாங்குவோர் இருப்பதால் வருகிறது. நம் தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் மீனவர் வீட்டு அடுப்பு எவ்வாறு எரிகிறது என்பதை அக்கரையில் பிறந்த நேயர்கள் நன்கு அறிவர். காத்திருத்தலின் பாரம் எல்லாருக்கும் ஒன்றாக விழுவதில்லை. உவகைக்காகத் தூண்டில் போடுபவன் ஒரு பருவத்தை இழந்தால் அவனுக்குப் பொழுது போகாது, அவ்வளவே. ஆகையால் விட்டுக்கொடுப்பதில் அவனே முந்திக்கொள்ளுதல் முறை.

கல்கத்தாவிலோ விசாகப்பட்டினத்திலோ வாழும் நாம் மீன் வாங்கச் செல்லும்போது, தட்டில் கிடக்கும் சிறு ஹில்சாவைக் கண்டால் அதனை வாங்காமல் திரும்புவது நம் கையில் உள்ளது. அமெரிக்கக் கரையில் மூன்று மைல் கோட்டில் படகைத் திருப்புபவன் செய்வதும் அதுவே. அங்கே வரிமீன் இன்றும் ஒவ்வொரு வசந்தத்திலும் தான் பிறந்த ஆற்றைத் தேடி வருகிறது. வருவன குறைந்துள்ளன, ஆனால் வருகின்றன. வருகிற மீனுக்கு வழி விட்டு நிற்கும் மனிதர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே, நம் பேரப்பிள்ளைகள் காணும் ஆறு மீனுள்ள ஆறாக இருக்கும்.